பாசிக்குடா எத்தனை ஏக்கர் தூரம்?

மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடா ஏறத்தாழ 35 கிலோமீற்றர். லேண்ட் மாஸ்டர் வைத்திருக்கும் வெள்ளாமைக்காரருக்கு இந்தத் தகவலால் ஐந்து சதத்துக்குப் பயனில்லை. தன் மெசின் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று அவர் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. ஏக்கருக்கு எத்தனை லீற்றர் குடிக்கும் என்பதை நித்திரையில் கேட்டாலும் சொல்வார். ஆகவே, பெட்டி பூட்டிய உழவு மெசினில் குடும்பத்தைக் கடலுக்கு ஏற்றிப்போக எவ்வளவு டீசல் வேண்டும் என்ற கேள்வி, அறிஞர் பெருமக்கள் இன்றுவரை அண்டாத ஓர் அலகுமாற்றுச் சிக்கலாகும்.

முதலில் கேத்திரகணிதம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீற்றர். சுழல் கலப்பை ஒரு நடையில் 60 சென்ரிமீற்றர் அகலம் கிளறும் என்று எடுகோள் கொண்டால், ஒரு ஏக்கரை ஒருதரம் உழுது முடிக்க மெசினும் பின்னால் போகும் ஆளும் 6.7 கிலோமீற்றர் நடந்தாக வேண்டும். இதன்படி பாசிக்குடா ஐந்தேகால் ஏக்கர். மூன்றாவது ஏக்கர் சித்தாண்டிப் பக்கம் முடிகிறது. கிரான் தாண்டி வாழைச்சேனை வரும்போது ஐந்தாவது ஏக்கரில் நிற்கிறோம். பெரும்போகம் வெட்டி முடிந்து மெசின் சும்மா நிற்பதும், வாடைக்காற்று ஓய்ந்து பாசிக்குடாக் கடல் குளம்போலக் கிடப்பதும் சித்திரையை ஒட்டி ஒன்றாகவே வருவதால், இந்த ஆய்வுக்கான பருவத்தை இயற்கையே ஒதுக்கித் தந்திருக்கிறது.

வயலில் சேறு, வீதியில் தார். இரண்டையும் ஒரே கணக்கில் போடலாமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. சேற்றைப் புரட்டும் வேலை தார் வீதியில் இல்லை. ஆகவே ஐந்தேகால் ஏக்கர் டீசல் செலவாகாது, மிச்சம் வரும். போதாக்குறைக்குக் காற்றும் நம் பக்கம். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் முகாம் வீட்டைப் பூட்டி மணிக்கு 90 கிலோமீற்றரில் இழுப்பவர்கள், எண்ணெய்க் கணக்கு பாதியாய் விழுந்துவிட்டதென்று அழுகிறார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 15 கிலோமீற்றரில் போகும் நமக்கும் அவர்களுக்கும் வேகத்தில் ஆறு மடங்கு வித்தியாசம் என்றால், அதே அகலமும் உயரமும் உள்ள வண்டிக்குக் காற்றில் 36 மடங்கு. லேண்ட் மாஸ்டரைக் காற்று மறிப்பதில்லை. மறிப்பது பாரம்.

பாரத்தின் கூறுகளாவன: புரியாணிச் சட்டி, விறகு, தண்ணிக் கான், தறப்பாள், பாய், மிதப்பதற்கு ட்ரக்டர் டயர் ட்யூப், கடைசி நேரத்தில் 'நாங்களும் வாறம்' என்று ஏறிய பக்கத்து வீட்டார். இவையெல்லாம் தார் வீதியில் பெரிய தொந்தரவில்லை. அங்கே டயர் உருள்வதற்கு எதிரான விசை, சுமையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். உதிரி மணலில் அது இருபது, முப்பது பங்குக்குப் போய்விடும். கடற்கரையில் 100 மீற்றர் ஓடுவது வீதியில் ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடுவதற்குச் சமம் என்பது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. ஆனால் அந்த 100 மீற்றரை முடிவுசெய்வது சாரதி அல்ல.

"மகன், இன்னும் கொஞ்சம் கிட்ட விடுங்க. இந்தச் சட்டியத் தூக்க ஏலா."

"புதைஞ்சா மறுகா ஏறாது மாமி."

சட்டி கிட்டவே போய்ச் சேர்ந்தது. சில்லும் புதைந்தது. இந்த இடத்தில் அனுபவசாலிகள் வால்வில் நெருப்புக்குச்சியைக் குத்திக் காற்றைக் கொஞ்சம் இறக்குவார்கள். டயர் மணலில் பரந்து அமர்ந்து மேலே ஏறிவிடும். பம்ப் கொண்டுவர மறந்தவர்கள் அதே தளர்ந்த டயரோடு வீடு வரை போவார்கள். தளர்ந்த டயர் தாரில் ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து நசிந்து உருளும்; அந்த நசிவுக்கும் டீசல் வேண்டும். இதனால் திரும்பும் பாசிக்குடா போன பாசிக்குடாவை விடத் தூரமானது. நனைந்த உடுப்பின் பாரம் தனிக்கணக்கு.

வரலாற்றுச் சான்றும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் சில துளி பெற்றோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் கார் ஓடினார்கள். கிலோமீற்றரை அப்போது போத்தலால் அளந்தார்கள். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்கு வந்தது. பிறகு கியூஆர் அட்டை வந்து, கிழமைக்கு ஓட்டோவுக்கு 5 லீற்றர், லொறிக்கு 50, நில வாகனத்துக்கு 15 என்று பங்கிட்டது. எண்ணெய் செட்டில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த 15 லீற்றர் வயலுக்கா கடலுக்கா என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாட்டில் அதுவரை யாரும் இத்தனை துல்லியமாக எண்ணெய்க் கணக்குப் பார்த்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சியிருப்பது ஒரேயொரு தீராத முரண்பாடு. டீசல் காசைப் பங்கு போடும்போது, மச்சான்மாரிடம் மெசின்காரர் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் என்பார். அடுத்த வாரம் அதே மெசினை வாங்க வந்த ஆளிடம் பன்னிரண்டு என்பார். மச்சான்மாரில் ஒருவர் அப்போது பக்கத்தில் நின்றால், விலை பேசும் வேலை அன்றைக்கு நடக்காது.