திக்கித் திணறும் சொக்

கேள்வி: பாசிக்குடாக் கடற்கரை மணலில் ஓடிவந்த பிறகு என் மவுண்டன் பைக்கின் பின் சொக் திக்கித் திக்கி இறங்குது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: எண்ணெய் மீன் பொரிக்க இருக்கட்டும், தம்பி. முதலில் குற்றவாளியைப் பிடிப்போம். சொக்கின் ஒரு பக்கப் போல்டைக் கழற்றி, பின்சில்லைக் கையால் தூக்கி இறக்குங்கள். அப்போதும் இறுகினால் மூட்டுப் பெயாரிங்கில் உப்பும் மணலும் ஏறிவிட்டன, சொக் நிரபராதி. இலகுவாக ஆடினால் சொக்கின் சீல்தான் காய்ந்திருக்கும். காற்றை முழுதாக இறக்கி, காற்றறையைத் திறந்து துடைத்து, புதுச் சீலும் சொக்குக்குரிய கிறீஸும் போடுங்கள். பொதுவாக 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கேட்கிற வேலை இது. உப்புக்காற்றில் இன்னும் முந்தியே செய்வது நல்லது.

காற்றை இறக்கியதும் சொக் உள்ளே இழுபட்டு வெளியே வராவிட்டால் மட்டும் திறக்கவே வேண்டாம்! எதிர்ப்பக்க அறையில் அழுத்தக் காற்று அடைபட்டிருக்கும். திறந்தால் பாகம் பாய்ந்து முகத்தையே பதம்பார்க்கும். அப்படியே சொக் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.