பென்சில்வேனியா சார்

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று தாம்பரத்தைச் சுற்றி எந்த நகருக்குள் நுழைந்தாலும், இரண்டாவது குறுக்குத் தெரு தாண்டுவதற்குள் இவர் ஒருத்தர் அகப்பட்டுவிடுவார். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். காலில் மகன் விட்டுவிட்டுப் போன ஷூ, ஒரு சைஸ் பெரிசு. தலையில் தான் படிக்காத அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொப்பி. கையில் தெருநாய்க்காக ஒரு குச்சி. நிஜப் பெயர் கேஸ் புத்தகத்தில் இருக்கும். தெருவுக்கு அவர் பென்சில்வேனியா சார்.

2024 செப்டம்பரில் ஆவின் பூத்தில் வைக்கப்பட்ட பெயர் இது. பென்சில்வேனியாவுக்கு 19 எலெக்டர்கள், மொத்தம் 538, ஜெயிக்க 270, அந்த 19 யார் பக்கம் சாய்கிறதோ அவர்தான் ஜனாதிபதி. இவ்வளவையும் பச்சைப் பாக்கெட் இரண்டு வாங்கிச் சில்லறை எண்ணுவதற்குள் சொல்லிவிடுவார். மாநிலத்தோடு நிற்கமாட்டார், மாவட்ட வாரியாக இறங்குவார். பக்ஸ், நார்த்தாம்ப்டன், ஈரி என்று அவர் அடுக்குவதைக் கேட்டால் பீச் லோக்கலில் ஸ்டேஷன் பெயர் சொல்வது போலிருக்கும். “ஈரி போச்சுன்னா எல்லாம் போச்சு சார்” என்று ஒரு நாள் கவலைப்பட்டார். காது சரியாகக் கேட்காத ஒரு பெரியவர், “நம்ம ஏரிதான் எப்பவோ பாதி போயிடுச்சே” என்றார். சிட்லபாக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொன்னால் வேறு என்ன பதில் கிடைக்கும்?

ஆனால் ஆளைச் சாதாரணமாக எடை போட்டுவிடக் கூடாது. கணக்கு சுத்தமாக வைத்திருப்பார். வயோமிங் மாநிலத்தின் மொத்த ஜனத்தொகை 2020 கணக்கெடுப்பில் 6 லட்சத்தைத் தொடவில்லை. அவர்களுக்கு இரண்டு செனட்டர், மூன்று எலெக்டர். 2024 பட்டியல்படி நம் சோழிங்கநல்லூர் தொகுதியில் வாக்காளர்கள் மட்டுமே 6 லட்சத்துக்கு மேல். கிடைத்ததோ ஒரே ஒரு எம்எல்ஏ. “மேடவாக்கத்துக்காரன் ஏமாந்தவனா, வயோமிங்காரன் கெட்டிக்காரனா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் 2000-க்குப் போய்விடுவார். ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசம், உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு, புஷ் ஜனாதிபதி. சரியாகத் துளை விழாத வாக்குச்சீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எண்ணினார்கள் என்பதை நடித்தே காட்டுவார். “ஒரு டி.என்.சேஷனை ஆறு மாசம் டெபுடேஷன்ல அனுப்பியிருந்தா அந்த அசிங்கம் நடந்திருக்குமா?” நடந்திருக்காது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அமெரிக்க ஜனநாயகம் எப்படியாகியிருக்கும் என்பது தனி விஷயம்.

அமெரிக்காவில் எது நடந்தாலும் அது முதலில் நம் பக்கத்தில் நடந்தது என்பது அவருடைய சித்தாந்தம். 2024 ஜூலை 13-ல் பட்லர் என்ற ஊரில் டிரம்ப்பின் காதில் குண்டு உரசிப் போனபோது உலகமே பதறியது. சார் பதறவில்லை. “பார்த்தாச்சு சார். 1967 ஜனவரி. எம்.ஆர்.ராதா சுட்டார். கழுத்துல கட்டு போட்ட போட்டோவை போஸ்டர் அடிச்சு ஒட்டினாங்க. பிரசாரத்துக்கே வராம பரங்கிமலையில எம்ஜிஆர் ஜெயிச்சார். இவர் காதுல கட்டோட ஜெயிப்பார், எழுதி வெச்சுக்குங்க.” நவம்பரில் அவர் சொன்னபடியே ஆனது. அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். 1984-ல் அமெரிக்க மண்ணில் இருந்துகொண்டு ஜெயித்தவர்கள் இரண்டு பேர் என்றும் ஒரு புதிர் போடுவார். நவம்பரில் 49 மாநிலங்களை அள்ளிய ரீகன் ஒருவர். புரூக்ளின் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி டிசம்பரில் ஆண்டிப்பட்டியை அள்ளிய எம்ஜிஆர் இன்னொருவர்.

கமலா ஹாரிஸ் விஷயத்தில் மட்டும் அவருடைய புள்ளிவிவரம் கொஞ்சம் இடறும். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம் தாத்தா ஊர், பெசன்ட் நகர் கடற்கரையில் அந்தத் தாத்தாவோடு நடந்த பெண். 2020-ல் கட்சி மாநாட்டில் உலகமே பார்க்க “சித்தி” என்று சொன்னபோது சாரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2010-ல் கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் தேர்தலில் கமலாவுக்காகப் பெசன்ட் நகர் வரசித்தி விநாயகருக்கு 108 தேங்காய் உடைத்தார் சித்தி. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயம். 2024 தோல்விக்குப் பணவீக்கம், எல்லைப் பிரச்சினை, பைடன் தாமதமாக விலகியது என்று சார் ஒன்பது காரணம் சொன்னார். “தேங்காய் விக்கிற விலையில யாரு உடைப்பா?” என்று அவர் மனைவி பத்தாவதைச் சொன்னார். அது முதல் காரணத்திலேயே அடங்கிவிட்டது என்பதை சார் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஏரிக்கரை நடைபாதையில் காலை ஆறரைக்கு இவருடைய செனட் கூடும். எதிர்க்கட்சி வரிசையில் தோழர். பல்லாவரம் இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கில் தொழிற்சங்கம் நடத்தியவர். யார் எந்த வேட்பாளரைப் பற்றிப் பேசினாலும் அவர் வைத்திருப்பது ஒரே சீட்டு, வியட்நாம்.

“அந்தச் சண்டையைப் பெருசாக்கினது ஜான்சன் தோழர், டெமாக்ரட்.”

“முடிச்சது யாரு? 1975 ஏப்ரல் 30, சைகோன். ஹோ சி மின்.”

“ஹோ சி மின் 69-லயே காலமாயிட்டாரே!”

“செத்தும் ஜெயிச்சாரு. உங்காளு உசுரோட இருந்து தோத்தாரு.”

பக்கத்தில் ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர். தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனில் கடைசியாக வேலை பார்த்துவிட்டு, பக்கத்திலேயே மனை வாங்கிக் குடியேறியவர். 1971 டிசம்பரில் என்டர்பிரைஸ் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பிய நிக்ஸனை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. நிக்ஸனின் கட்சியையும் மன்னிக்கவில்லை. அந்தக் கோபம் குறையாமலேயே ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் விசா வரிசையில் நின்று, மகள் பிரசவத்துக்காக டல்லாஸ் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். டெக்சாஸில் ரோடு மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்வார்.

இவர்கள் மூவரும் தொண்டை கட்டும்வரை கத்தும்போது பெஞ்சு ஓரத்தில் ஒருவர் கைகளை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பார். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். 1990 ஆகஸ்டில் சதாம் உள்ளே வந்ததும் பாக்தாத் வழியாக ஜோர்டானுக்குப் போய், பாலைவனக் கூடாரத்தில் ரொட்டிக்கு வரிசையில் நின்று, அம்மானிலிருந்து ஏர் இந்தியா மீட்டு வந்த ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேற்பட்ட கூட்டத்தில் ஒருவராக பம்பாயில் இறங்கியவர். அமெரிக்கா குண்டு போடத் தொடங்கிய 1991 ஜனவரி 17-ல் இவர் ஊரில் இருந்தார். தெருவே அப்போது பாக்தாத்தைப் பற்றித்தான் பேசியது. ஜனவரி 30-ல் இங்கே கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்கள், பாக்தாத் அன்றோடு அம்போ.

ஒரு நாள் அவர் வாயைத் திறந்தார். “பெரிய புஷ் சண்டையில ஜெயிச்சாரே, அடுத்த வருஷம் தேர்தல்ல ஏன் சார் தோத்தாரு?” சாருக்கு இதைவிட நல்ல கேள்வி வாழ்நாளில் கிடைத்ததில்லை. பொருளாதார மந்தம், வரி போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போட்டது, மூன்றாவது ஆளாக நின்று 19 சதவீதத்தை வாங்கிப்போன ராஸ் பெரோ என்று ஏரியை முழுசாக ஒரு சுற்று சுற்றும்வரை சொன்னார். கடைசியில், “அந்தப் போரோட விளைவு என்னன்னு நினைக்கிறீங்க?” என்று இவரையே கேட்டார்.

“செம்பாக்கத்துல அரை கிரவுண்டு சார்” என்றார் மெக்கானிக்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. போர் முடிந்ததும் ஐநா ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. ஓடிவந்த தொழிலாளர்களில் தனி ஆளுக்கு 2,500 டாலரிலிருந்து கொடுத்தார்கள், இராக்கின் எண்ணெய்ப் பணத்திலிருந்து. காசு வர வருஷக்கணக்கானது. வந்த அன்று டாலர் முப்பத்தைந்து ரூபாய்ப் பக்கம். மனைவியின் வளையலையும் சேர்த்துப் போட்டு மனை வாங்கினார். அதில்தான் இப்போது மகனும் மருமகளும் இருக்கிறார்கள். சதாம், புஷ் இருவர் மீதும் அவருக்குத் தனிப்பட்ட புகார் கிடையாது. தோழர் அன்று வியட்நாமை எடுக்கவே இல்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கு உள்ளூர் அரசியல் தெரியாது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சியைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உண்டானதும், 70 வார்டில் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் அவருக்கு அத்துப்படி. கவுன்சிலர் பெயர், அவர் மச்சான் பெயர், மச்சான் எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்கு எப்போது போனார், எல்லாம் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அவருக்குச் சமையலறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், மிக்ஸி ஓடவேண்டும். எதிர்வீட்டு மாடியில் ஒரு கொடி பறக்கிறது. பக்கத்து வீட்டுக் காரில் வேறு கட்சித் துண்டு. டிரம்ப்பை எவ்வளவு திட்டினாலும் மறுநாள் கழிவுநீர் லாரி வந்துவிடும்.

2024 அக்டோபரில் பென்சில்வேனியா உள்ளிட்ட மாநிலங்களில் தன் மனுவில் கையெழுத்துப் போட்ட வாக்காளர்களில் தினம் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று எலான் மஸ்க் அறிவித்தபோது சார் கொதித்தார். ஜனநாயகம் விலைபோகிறது என்றார். தோழர் மெதுவாக, “ஏப்ரல்ல நம்ம தாம்பரம் ஸ்டேஷன்ல, நெல்லை எக்ஸ்பிரஸ்ல, கிட்டத்தட்ட நாலு கோடி பிடிச்சாங்களே...” என்று ஆரம்பித்தார். சார் முன்னும் பின்னும் பார்த்தார். “அது விசாரணையில இருக்கு தோழர். நாம பேசக் கூடாது.” மறுபடியும் மஸ்க்குக்குப் போய்விட்டார். இதைக் கோழைத்தனம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அரசு ஊழியர் அரசியல் பேசக் கூடாது என்ற நடத்தை விதிக்குள் முப்பத்தைந்து வருஷம் வாயை வைத்திருந்தவர். தேக்கிவைத்த பேச்சு ஏதோ ஒரு கடலைப் பார்த்துத்தானே ஓடவேண்டும்? அட்லாண்டிக் தூரத்தில் இருப்பது அவருக்கு வசதி.

நவம்பர் 6, புதன்கிழமை. நியூயார்க்கில் செவ்வாய் மாலை ஏழு மணி என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. சார் நடக்கப் போகவில்லை. தீபாவளி மிக்சரில் மீந்த தூளோடு டிவி முன்னால் உட்கார்ந்தவர், மாலை நான்கு மணிக்குச் செய்தி நிறுவனங்கள் முடிவாகச் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு எடிசனில் இருக்கும் மகனைக் கூப்பிட்டார். அவனுக்கு முந்தைய வருஷம்தான் குடியுரிமை கிடைத்தது, முதல் ஓட்டு.

“யாருக்குடா போட்ட?”

“போகலப்பா. ஆபீஸ்ல ரிலீஸ் இருந்துச்சு.”

“என்னடா இது, ஜனநாயகக் கடமை...”

“நியூ ஜெர்சிதானேப்பா? 92-லேர்ந்து டெமாக்ரட்தான். நான் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். பென்சில்வேனியாவுல இருந்தாத்தான் ஓட்டுக்கு மதிப்புன்னு நீங்கதானே மூணு மாசமா சொல்லிட்டிருந்தீங்க?”

மறுநாள் காலை செனட் கூடியதும் விமானப்படைக்காரர் முதல் வேலையாக, “பையன் யாருக்கு சார் போட்டான்?” என்று கேட்டார்.

சார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “அங்க ரகசிய வாக்கெடுப்பு சார். பெத்த அப்பன்கிட்டகூடச் சொல்லமாட்டான்.”