ஒரு கிலோ வீரம்

வழவழப்பான உருண்டைக் கல்லாகிய இளவட்டக்கல்லைத் தோளுக்கு உயர்த்திப் பின்புறம் எறியும் வாலிபனுக்கே பெண் கொடுத்தார்கள் என்பது தென்பாண்டிக் கிராமங்களின் பழைய பிரசித்தி. அப்பரம்பரையின் வாரிசாகிய நாகமலை புதுக்கோட்டைக் கிருகஸ்தரோ, கீழக்குயில்குடிச் சமணமலையின் படிகள் காசு கேளாமல் அருகிலேயே காத்திருக்க, மணல் நிரப்பிய, ஒரு கிலோ எடையுள்ள, பாதத்தில் விழுந்தாலும் ஹிம்சை செய்யாத மிருதுவான பந்தொன்றை விலைகொடுத்து வாங்கி, கூடத்து மின்விசிறியின் கீழ் நின்று, பயபக்தியுடன் உயர்த்தித் தாழ்த்துகிறார். இந்தத் தேகாப்பியாசத்தின் நடுவே, 20 லிட்டர் குடிநீர்க் கேனைத் தோளில் சுமந்து மாடியேறி வரும் இளைஞனிடம், “உள்ளே கொண்டுபோய் வைத்துவிடு தம்பி, கை வலிக்கிறது” என்று சொல்லிவிட்டு, அந்த 20 கிலோவுக்குரிய கூலியில் ஐந்து ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவதற்கு மட்டும் அவருக்குத் தேகபலம் ஒருநாளும் குறைவதில்லை.