முள்ளில் இருக்கிறது பலம்

கேள்வி: பழவேற்காட்டில் மீனுக்கும் பஞ்சமில்லை, வெயிலுக்கும் பஞ்சமில்லை. அங்குள்ள பாட்டிமாருக்குமா எலும்பு பலவீனமாகும்?

பதில்: ஆகும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது, எலும்பு கரையும் வேகம் கூடுகிறது. கடலோரம் என்பதற்காக அது சலுகை காட்டுவதில்லை.

மீனில் எந்தப் பகுதி வயிற்றுக்குள் போகிறது என்பதுதான் விஷயம். கொடுவா மீனின் சதையில் கால்சியம் சொற்பம். முள்ளைப் பூனை தின்றால் கால்சியமும் பூனைக்குத்தான். முள்ளோடு மென்று விழுங்கும் நெத்திலியில் அது நிறைய உண்டு. பெரிய மீன் ஏலத்துக்குப் போய், வீட்டுக்குப் பொடிமீன் மிஞ்சினால் வருந்த வேண்டாம்; இந்த ஒரு கணக்கில் மிச்சமே மேல்! கருவாடானால் ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். உப்பு மிகுந்தால் கால்சியம் சிறுநீரோடு வெளியேறும். மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் பரிந்துரைத்த அளவு தினம் 1,200 மில்லிகிராம். நெத்திலி தனியாக இதைச் சமாளிக்காது. கேழ்வரகு, மோர், கீரையும் துணைக்கு வர வேண்டும்.

வெயில்? பழவேற்காட்டு ஏரிச் சேற்றில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அது தாராளம். வீட்டுக்குள் பனையோலை முடையும் மூதாட்டிக்கு? முற்பகலில் வாசலுக்கு நகர்ந்து முடைந்தால் கூடையும் வளரும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யும் சேரும்.

லேசாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால், ‘வயசாச்சு’ என்று எண்ணெய் தடவி விட்டுவிடக் கூடாது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் அன்றே கேட்க வேண்டும்.