ஊசிக்குப் பயந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை

கேள்வி: ஐ.ரி. படித்த என் மகன் சுகாதாரத் துறையில்தான் வேலை தேடுவேன் என்கிறான். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவனுக்கு அங்கே என்ன வேலை?
- ஒரு தாய், பேசாலை.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அவன் குத்தப் போவது கீபோர்டை.

2016 செப்டெம்பரில் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புது மலேரியா நுளம்பு உங்கள் மன்னார் தீவுக் கிணறுகளில் குடியேறிவிட்டது. (விசா கேட்க ஆளில்லை!) எந்த ஒழுங்கையில் எந்தக் கிணறு, எதில் குடம்பி, எதில் அதைத் தின்னும் மீன்குஞ்சு விட்டாயிற்று என்று வரைபடத்தில் ஏற்றிப் பார்ப்பதற்கு ஸ்டெதஸ்கோப் உதவாது. தரவு தெரிந்த பிள்ளை வேண்டும்.

2020 ஜனவரியில், கொரோனா பரவத் தொடங்கியபோதே, வெளிநாட்டிலிருந்து வந்திறங்குவோரைக் கண்காணிக்கும் பகுதியை டி.எச்.ஐ.எஸ்.2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளில் அமைத்தவர்கள் இலங்கையர்கள். மூல மென்பொருள் ஒஸ்லோ பல்கலைக்கழகத்துடையது. நம்மவர் செய்ததைப் பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன.

கொழும்பில் டாக்டர்மாரே மருத்துவத் தகவலியலில் முதுமாணி படிக்கிறார்கள். உங்கள் மகன் கொஞ்சம் மருத்துவம் படித்தால் குறைந்தா போவான்? அரச நியமனம் நாளைக்கே வரும் என்று மட்டும் பந்தல் போடாதீர்கள். திட்ட வேலைகளும் தனியார் மென்பொருள் நிறுவனங்களும்தான் முதல் வாசல்.

அதற்கு முன், கிளினிக் கொப்பியோடு விடியவே வந்து நிற்கும் ஆச்சிமாரின் வரிசையில் அவனை ஒரு காலை நிற்க விடுங்கள். எந்த மென்பொருளை எழுத வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.