பிள்ளைச்சாவடியில் வெந்நீர் வராமை: ஓர் ஆய்வு

வாஷிங் மெஷினில் வெந்நீர் வராமை இருவகைப்படும்: ஹீட்டர் போனது தெரிந்து வராமை, தெரியாமலே வராமை. புதுச்சேரிக்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கும் பிள்ளைச்சாவடியில் பிந்தியதே பெருவழக்கு. என்னை? சித்திரை வெயிலில் காய்ந்த மாடி டேங்கிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு இறங்கும் நீரில் கை வைத்தவர் ஹீட்டரை நினைக்கமாட்டார் ஆகலின். நோய் வெளிப்படுவது மார்கழியில்.

வெளிப்படும் விதமும் நுட்பமானது. 60 டிகிரி வைத்து ஓடவிட்டால் சில மாடல்கள் நீர் சூடாகும்வரை நேரத்தை நிறுத்திவைக்கும். 1:58 என்று காட்டிய திரை, காபி குடித்து வந்த பிறகும் 1:58தான். வேறு சில, கூச்சமின்றிப் பச்சைத் தண்ணீரிலேயே துவைத்து முடித்துப் பாட்டும் பாடும். இந்த இரண்டாம் வகையில் கிடைக்கும் தடயம் ஒன்றே: கரண்ட் பில் குறையும். பில் குறைந்துவிட்டதே என்று மெக்கானிக்கைக் கூப்பிட்ட குடும்பத்தலைவர் இதுவரை பிறக்கவில்லை.

காரணம் குறித்து இரு மரபுகள் உள. மெக்கானிக் மரபு, "போர்டு போச்சு சார்" என்பது. பின்மூடியைக் கழற்றுமுன்பே இம்முடிவை எட்டிவிடுவது அதன் சிறப்பு. பாட்டி மரபோ, "எல்லாம் உப்புத் தண்ணி, உப்புக் காத்து" என்று முடித்துக்கொள்ளும். சான்றுகள் பாட்டி பக்கமே சாய்கின்றன. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் சுண்ணாம்பாகி ஹீட்டர் மேலேயே படியும். வெப்பம் நீருக்குப் போக வழியின்றி உள்ளே தேங்க, ஒருநாள் கம்பி அறும். உறையில் ஓட்டை விழுந்தால் வீட்டு டிரிப்பரும் சேர்ந்து விழும். கடற்காற்று தன் பங்குக்கு, ஹீட்டர் முனையில் செருகிய கிளிப்பைப் பச்சை பூக்க அரித்து வைத்திருக்கும்.

எது குற்றவாளி என்றறிய, பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஹீட்டர் முனைகளில் வைக்க. 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டருக்குத் தடை சுமார் 26 ஓம். அதை ஒட்டி வந்தால் ஹீட்டர் நிரபராதி. முள் அசையாவிடில் கம்பி அறுந்தது. அடுத்த சந்தேகம் வெப்பநிலை சென்சார்மேல். பெரும்பாலும் சூடேற ஏறத் தடை குறையும் இனம் அது. வெந்நீரில் முக்கியும் மாறாவிட்டால் குற்றவாளி அதுவே. அதுவும் தேறினால்தான் போர்டைச் சந்தேகிக்கும் உரிமை பிறக்கும்.

கருவியற்றோர்க்கும் வழியுண்டு. அந்த 2000 வாட் ஹீட்டர் 10 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்றச் சுமார் 11 நிமிடம் போதும். அரைமணி கழித்தும் கதவுக் கண்ணாடி சில்லென்றிருந்தால் ஐயமில்லை. மாமியார்கள் இச்சோதனையைப் புறங்கையால் செய்வர், அதுவே சரி.

இதைப் படித்துவிட்டுத் திருப்புளியோடு எழும் அன்பர்கள், தம் மெஷின் முன்னே திறப்பதா மேலே திறப்பதா என்று முதலில் பார்த்துக்கொள்க. மேலே திறக்கும் மெஷின்கள் பெரும்பாலானவற்றில் ஹீட்டரே கிடையாது.