"டச்சுக்காரன் கட்டினது": வானில் போகும் நண்பர்களின் வரலாற்றறிவு குறித்து ஓர் ஆய்வு

வத்தளையிலிருந்து காலிக் கோட்டைக்கு நண்பர்கள் வான் பிடித்துப் போய்வரும் ஒருநாள் பயணம் பற்றி முறையான ஆய்வு எதுவும் இதுவரை வெளிவரவில்லை. ஆய்வுக் கட்டுரையை இப்படித்தான் தொடங்க வேண்டும். வெளிவந்திருக்கவும் கூடும், நான் தேடவில்லை. தேடாமலே "வெளிவரவில்லை" என்று எழுதுவதும் மரபுதான். மரபை மீறும் தகுதி எனக்கில்லை.

எல்லை வரையறை

பார்க்கப் போகும் இடம் ஐரோப்பாவின் பழைய நகரங்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நண்பர்களின் ஏகமனதான தீர்மானம். ரோமில் தொடங்கிய பேச்சு பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று நகர்ந்தது. ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். பேச்சு காலியில் வந்து இறங்கியது. இதனால் ஆய்வின் தரம் குறையவில்லை. போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1640இல் ஒல்லாந்தர் பிடித்து, பெரிய மதில் எழுப்பி, 1796இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தார்கள். 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பா என்பதற்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? விசாவும் கேட்க மாட்டார்கள்.

மூலங்கள்

எல்லாம் வாய்மொழி. தகவலாளர்களின் பெயரை வெளியிடுவது ஆய்வு நெறிக்கு முரண். மறுபடி இதே ஆட்களுடன் பயணம் போக வேண்டியிருப்பதால் உயிருக்கும் ஆபத்து. ஆகவே அவரவர் இருந்த சீட்டைக் கொண்டு குறிக்கிறேன்.

வெளிக்கிடும் நேரம்

காலை ஐந்து மணி. வான் வெளிக்கிட்டது ஏழே முக்காலுக்கு. இதில் ஆராய ஒன்றுமில்லை.

போர்த்துக்கேயர்

வானில் பைலா போட்டபோது மட்டும் நினைவுகூரப்பட்டார்கள்.

ஆங்கிலேயர்

1894இல் காலிக்கு ரயில் விட்டார்கள். நாங்கள் வானில் போனோம்.

ஒல்லாந்தர்

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பழைய கட்டடம் ஒன்று கண்ணில் பட்டவுடன், சில வேளை படுவதற்கு முன்பே, வானுக்குள் ஒரு குரல் எழும்: "இது டச்சுக்காரன் கட்டினது மச்சான்." எழுந்த பிறகு அந்தக் கட்டடத்தைப் பார்க்கும் பொறுப்பிலிருந்து எல்லோருக்கும் விடுதலை. இந்த நிகழ்வுக்கு 'ஒல்லாந்தக் கொள்கை' என்று பெயரிடுகிறேன். பெயர் வைத்துவிட்டால் பாதி ஆய்வு முடிந்துவிடும். மீதிப் பாதி அந்தப் பெயரை அடிக்கடி சொல்வது.

கொள்கையின் முதல் வெளிப்பாடு வத்தளையைத் தாண்டுமுன்பே நேர்ந்தது. ஹெந்தலைப் பக்கம் ஒரு நண்பரை ஏற்றப் போன இடத்தில் கால்வாய் தெரிந்தது. "டச்சுக் கால்வாய்" (முன்சீட், வாய்மொழி). ஹமில்டன் கால்வாயை 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தவர்கள் ஆங்கிலேயர். வெட்டுவித்த அதிகாரியின் பெயரைத்தான் அது தாங்கியிருக்கிறது. சொன்னேன். "அதுக்கு முதல் டச்சுக்காரன் வெட்டியிருப்பான், இவன் வந்து பேரை மட்டும் மாத்தியிருப்பான்" (அதே சீட், மறுமொழி, திரும்பிப் பாராமல்). இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. முத்துராஜவெலச் சதுப்பின் கிழக்கு ஓரத்தில் ஒல்லாந்தர் கால்வாய் என்று வேறொன்று உண்மையாகவே ஓடுகிறது. பிழையான விடைக்குப் பக்கத்து வீட்டில் சரியான விடை குடியிருந்தால் ஆய்வாளன் யாரோடு சண்டை பிடிப்பது?

கெரவலப்பிட்டியவில் ஏறி, கொட்டாவை வழியாகத் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையைப் பிடித்தோம். காலிவரை 2011இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையை மட்டும் யாரும் ஒல்லாந்தருக்கு எழுதிக்கொடுக்கவில்லை. "இது ஜப்பான்காரன்" (சாரதி, ஒரு கை ஸ்டியரிங்கில், மறுகை விளக்கத்தில்). ஜப்பானும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் கடன் கொடுத்த பாதை என்பதால் இந்தக் கூற்றை ஓரளவு ஏற்கலாம். சாரதிக்குக் கொள்கைப் பற்று இல்லை. அவருக்குப் பாதையைப் பார்க்கும் கட்டாயம் இருந்தது.

காலிக்குள் நுழைந்ததும் கொள்கை பெருக்கெடுத்தது. பிரதான வாசலால் போனோம்: ஆங்கிலேயர் 1873இல் திறந்தது. "டச்சுக்காரன்ட கேட்" (முன்சீட்). உள்ளே மணிக்கூட்டுக் கோபுரம்: மருத்துவர் அந்தோனிஸைக் கௌரவித்து 1883இல் எழுந்தது, ஒல்லாந்தர் ஆட்சி போய் அப்போதே 87 வருடம். "டச்சுக்காரன்ட மணிக்கூடு, இன்னும் ஓடுது பார்" (இடது யன்னல் சீட், வெலிப்பென்ன ஓய்விடத்தில் ரோல்ஸ் சாப்பிட்டபின் வெளியான திருத்திய பதிப்பு, முதற்பதிப்பில் 'போர்த்துக்கேயன்' எனப் பாடம்).

கலங்கரை விளக்கத்தில் கொள்கை தன் முழு வலிமையைக் காட்டியது. இப்போது நிற்கும் விளக்கம் 1939இல் கட்டப்பட்டது. ஒல்லாந்தர் போய் 143 வருடம் என்று மதிலில் நின்றே கணக்குப் போட்டுச் சொன்னேன். அதற்குக் கிடைத்த விளக்கத்தை முழுமையாகப் பதிவுசெய்ய வேண்டும். "டச்சுக்காரன் பிளான் கீறி வைச்சிட்டுப் போயிருப்பான் மச்சான். இவங்கள் பிறகு கட்டினாங்கள்" (நடுச்சீட், வலப்பக்கம், மாலு பாண் வாயில் இருந்த நிலையில் நிகழ்த்திய பேருரை, 'கீறி' என்ற இடத்தில் ஒலி தெளிவில்லை, 'கூறி' எனவும் பாடம் கொள்வர் பின்சீட் மரபினர், ஆயின் கூறி வைப்பது எங்ஙனம் என முன்சீட்டார் மறுப்பர், இரு தரப்பும் பிறகு பிளேன் டீயில் சமரசமாயினர்).

விளக்கத்துக்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில், தேவாலயத்தின் முகப்போடு மீரான் பள்ளிவாசல் நிற்கிறது. "டச்சுக்காரன்ட சேர்ச்" என்றது பின்சீட். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து பாங்கு ஒலித்தது. கொள்கை ஒரு கணம் தடுமாறியதை என் கண்ணாலே கண்டேன். ஒரு கணம்தான். "சேர்ச்சாத்தான் கட்டினது, பிறகு பள்ளியா மாத்தினது" (பின்சீட், உறுதியான குரல், ஒப்புநோக்குக: அதே ஆசிரியரின் குறட்டை, தொகுதி ஒன்று, கொட்டாவை முதல் பின்னதுவைவரை, இடைவிடாது, எதிர்வாதம்: அன்னாரின் மனைவி, தொலைபேசி வழியாக, "முதல்ல போன தடவை வாங்கின கடன் யார்ட்ட எண்டு ஞாபகம் வருதா பாருங்க, பிறகு சேர்ச்சைப் பற்றிக் கதைக்கலாம்", இவ்வெதிர்வாதத்துக்கு இன்றுவரை மறுப்புரை வெளிவரவில்லை).

பழைய வாசல் தனி இயலாக எழுத வேண்டியது. அதன் வெளிமுகத்தில் இருப்பது பிரித்தானிய அரச இலச்சினை. உள்முகத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற வருடம். ஆக, கொள்கை இந்த வாசலின் ஒரு பக்கத்தில் மட்டும் உண்மை. குழுப் படம் எடுத்தது எந்தப் பக்கம் என்று வாசகர் ஊகிக்கலாம்.

ஒல்லாந்தர் நிச்சயமாகக் கட்டிய ஒன்று உண்டு: 1755இல் எழுந்த பெரிய தேவாலயம். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். செத்த டச்சுக்காரரின் பெயரை மிதித்துக்கொண்டுதான் உள்ளே நடக்க வேண்டும். கொள்கையின் முடிசூட்டு விழா இங்கே நடக்கும் என்று குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காத்திருந்தேன். வெயில் உச்சத்தில் இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் நடுச்சீட் வாய் திறந்தது: "இது இங்கிலீஷ்காரன்ட வேலை மாதிரி இருக்கு." குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

கடலேற்றத்தின் தண்ணீர் உள்ளே புகுந்து கழுவிப் போகும்படி ஒல்லாந்தர் அமைத்த நிலத்தடி வடிகால்கள் பற்றியும் சொல்ல நினைத்தேன். 2004 கடல்கோளில் அவர்களுடைய மதில் கோட்டைக்குள் இருந்த வீடுகளைக் காத்ததைப் பற்றியும். ஐஸ்கிரீம்காரர் வந்துவிட்டார்.

விதிவிலக்கு

மதிலில் ஏறி நின்றால் எதிரே கிரிக்கெட் மைதானம் தெரியும். இங்கே கொள்கை வேலை செய்யவே இல்லை. 2010 ஜூலை, இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட், முரளியின் 800ஆவது விக்கெட், ஆட்டமிழந்தவர் ஓஜா, பிடித்தவர் மஹேல. எல்லாச் சீட்டுகளும் ஒரே நேரத்தில், ஒரு பிழையும் இல்லாமல் சொல்லின. முரளி எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார் என்பதுவரை விரலால் காட்டினார்கள். கலங்கரை விளக்கத்தை 143 வருடம் பின்னால் தள்ளியவர்களும் இதே ஆட்கள்தான். அக்கறை இருக்கும் பொருளில் வத்தளைக்காரர் எவரும் முதல்தர ஆய்வாளரே.

விவாதம்

ஒல்லாந்தக் கொள்கை வானுக்குள் மட்டும் புழங்குவது என்று வாசகர் நினைக்கக்கூடாது. மாநாட்டு மண்டபங்களிலும் அது உண்டு. அங்கே குளிரூட்டி இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கும், டச்சுக்காரனுக்குப் பதில் வேறொரு பெயர் நிரப்பப்பட்டிருக்கும். உலகத்தின் முதல் மொழி, முதல் கப்பல், முதல் அணை எல்லாம் எங்கள் ஆட்கள் என்று நம்மவர் ஒருவர் வாசிப்பார். அடுத்த மண்டபத்தில் அதையே அடுத்த இனத்தவர் ஒருவர் தன் ஆட்களுக்காக வாசிப்பார். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தபோதாவது பின்சீட் ஒரு கணம் தடுமாறியது. மண்டபத்தில் அந்த ஒரு கணத்தையும் நான் கண்டதில்லை. தேநீர் இடைவேளை வந்துவிடும்.

திரும்பும் வழியில் இதற்கு ஒரு பரிசோதனை செய்தேன். காலியில் 1911இல் ஒரு கல் கிடைத்தது, அதில் தமிழ் எழுத்து இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். வான் குலுங்கியது. "அப்ப காலியே நம்மட ஊர்தான்!" (எல்லாச் சீட்டுகளும், ஏகோபித்து; டச்சுக்காரன் அந்த நிமிடமே கைவிடப்பட்டான்). மீதியையும் சொன்னேன். அந்தக் கல் சீனத் தளபதி செங் ஹேயின் கப்பலில் வந்தது. எழுத்தை வெட்டியது சீனாவில். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. சீனம் புத்தரையும், தமிழ் தெனாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. யாருக்கும் தனியாக எழுதிக்கொடுக்க முடியாத கல். வானில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பைலாவைக் கூட்டி வைத்தார்கள்.

பரிந்துரை

அந்தக் கல் இப்போது காலியில் இல்லை. கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் பார்க்க விடியவே வெளிக்கிட வேண்டாம், வத்தளையிலிருந்து பஸ்ஸிலே போகலாம். போகிறவர்கள் ஒரு தகவலை முன்சீட்டிடம் முதலே சொல்லி வையுங்கள்: கல்லில் உள்ள வருடம் 1409. டச்சுக்காரன் காலியைப் பிடிப்பதற்கு 231 வருடம் முந்தியது.